முதல் வளையம் போட்டால் முடிந்துவிட்டதா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். மூன்றாம் வருடம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் வைத்திருந்த அரியரை இப்போதுதான் ஒருவழியாக முடித்தவன். கீழே இருப்பது ஒரு வருடமாக ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, டாக்டர்களை நச்சரித்து, ராத்திரி ராத்திரியாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. தகவலுக்காகவும் சண்டைக்காகவும் படியுங்கள். மாத்திரை மருந்துக்கு டாக்டரிடம் போங்கள்.

பங்குச்சந்தை பற்றி எழுதுகிறேன் என்று வகுப்பு நண்பர்களிடம் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. அது அடுத்த முறை. இன்றைக்கு ஒரு சின்ன ரப்பர் வளையத்தைப் பற்றி.

போன வருடம் ஆவணி கடைசி. ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன என் மாமா (அம்மாவின் அண்ணன்) அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அத்தை ஓடிப்போய்ப் பார்த்தால் வாஷ்பேசின் முழுக்க ரத்தம். இருமலில் வருகிற ஒரு துளி, இரண்டு துளி கிடையாது. ஒரு சொம்பு கவிழ்ந்த மாதிரி. 108-க்குப் போன் போட்டு, பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்கு முந்தைய இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. சத்து மாத்திரை சாப்பிடுவதால் இருக்கும் என்று மனிதர் யாரிடமும் சொல்லவில்லை.

கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?"

டாக்டர் கேட்பது நியாயம். அவருக்கு அது வைத்தியத்துக்குத் தேவையான தகவல். ஆனால் அதே கேள்வியை ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கேட்டார், பில் போடுகிற கவுண்டரில் கேட்டார்கள், மறுநாள் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். "தண்ணி கேஸா?" என்று கண்ணடித்துக் கேட்டவரும் உண்டு. நான் ஒவ்வொருவரிடமும், "எங்க மாமா ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லைங்க" என்று நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மாமா டெய்லர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து தொப்பை. ஐந்து வருடத்துக்கு முன்னால் எதற்கோ எடுத்த ஸ்கேனில் "கல்லீரலில் கொழுப்பு" என்று எழுதியிருந்தது. அது எல்லாருக்கும் இருப்பதுதான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்களும் மறந்துவிட்டோம்.

கல்லீரல் மறக்கவில்லை.

லாரிகள் தெருவுக்குள் புகுந்த கதை

வயிற்றில் ஏன் ரத்தம் கொட்ட வேண்டும்? எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வருகிற ரத்தமெல்லாம் போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போய், அங்கே சுத்திகரிப்பு நடந்து, அப்புறம் இதயத்துக்குப் போகிறது. சிரோசிஸ் வந்தால் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. மெயின் ரோட்டில் மறியல். லாரிகள் என்ன செய்யும்? பக்கத்துத் தெருக்களுக்குள் புகும். உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையின் மேல்பகுதியிலும் இருக்கிற மெல்லிய சிரைகள்தான் அந்தத் தெருக்கள். சைக்கிள் போகிற சந்தில் பத்துச் சக்கர லாரி போனால் என்ன ஆகுமோ, அது ஆகிறது. சிரைகள் வீங்கிச் சுருண்டு முடிச்சு முடிச்சாக நிற்கும். இவற்றுக்குத்தான் வேரிசஸ் என்று பெயர்.

இதற்கு அளவுகூட இருக்கிறது. கல்லீரலுக்கு உள்ளே போகிற பக்கத்துக்கும் வெளியே வருகிற பக்கத்துக்கும் உள்ள ரத்த அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். 10-ஐத் தாண்டினால் வேரிசஸ் உருவாகும் அபாயம். 12-ஐத் தாண்டினால் வெடிக்கும் அபாயம். சிரோசிஸ் என்று கண்டுபிடிக்கப்படும்போதே ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த வேரிசஸ் இருக்கும். வலிக்காது, எரியாது. இருப்பதே தெரியாது. வெடிக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

சிரோசிஸ் வரக் குடி ஒரு காரணம். ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் இன்னொரு காரணம். சர்க்கரையும் உடல் பருமனும் சேர்ந்து கொண்டுவருகிற கொழுப்புக் கல்லீரல் மூன்றாவது. போர்ட்டல் சிரையிலேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டு, கல்லீரல் நன்றாக இருக்கிற சின்னக் குழந்தைகள்கூட ரத்த வாந்தி எடுப்பது உண்டு. அந்தக் குழந்தையிடம் போய் "தண்ணி கேஸா?" என்று கேட்பீர்களா?

கத்தியிலிருந்து வளையத்துக்கு

அந்தக் காலத்தில் இப்படி ரத்தம் கொட்டினால் பிழைப்பது பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். 1939-இல் ஸ்வீடனில் கிராஃபோர்ட், ஃபிரென்க்னர் என்ற இரண்டு டாக்டர்கள், வளையாத குழாய் ஒன்றை உணவுக்குழாய்க்குள் விட்டு, வீங்கிய சிரைக்கு ஊசி போட்டுச் சுருங்க வைத்துப் பார்த்தார்கள். 1950-இல் செங்ஸ்டேக்கன், பிளேக்மோர் இருவரும் ஒரு பலூன் குழாயைக் கொண்டுவந்தார்கள். உள்ளே விட்டு ஊதி, ரத்தம் வருகிற இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டியது. இன்றைக்கும் வேறு வழியே இல்லாத நேரத்தில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். இதைவிட்டால் வயிற்றைத் திறந்து குழாய்களை மாற்றி இணைக்கிற பெரிய ஆபரேஷன். ஏற்கெனவே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு அதைத் தாங்குகிற சக்தி எங்கே இருக்கும்?

1980-களின் நடுவில் அமெரிக்காவின் டென்வரில் கிரெக் ஸ்டீக்மேன் என்ற சர்ஜனுக்கு ஒரு யோசனை. மூல வியாதிக்கு ரப்பர் வளையம் மாட்டி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி உதிரவைக்கிற முறை அப்போதே வழக்கத்தில் இருந்தது. கீழே வேலை செய்கிற வளையம் மேலே ஏன் வேலை செய்யக்கூடாது? எண்டோஸ்கோப்பின் நுனியில் ஒரு சின்ன மூடி, அதன்மேல் இழுத்து மாட்டிய ரப்பர் வளையம். வீங்கிய சிரையை மூடிக்குள் உறிஞ்சி இழுத்து, வளையத்தைத் தட்டிவிட்டால் அது சிரையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் போகாமல் அந்த முடிச்சு காய்ந்து, ஒரு வாரம் போல ஆனதும் வளையத்தோடு சேர்ந்து உதிர்ந்து மலத்தோடு போய்விடும்.

அவ்வளவுதான் விஷயம். கத்தி இல்லை, தையல் இல்லை. (டெய்லர் மாமாவுக்கு இதில் ரொம்ப ஆச்சரியம். "தைக்காம எப்படிடா நிக்கும்?")

1992-இல் ஸ்டீக்மேன் குழு தங்கள் ஆய்வை வெளியிட்டது. 129 நோயாளிகள். ஊசி போட்டவர்களில் 45 சதவீதம் பேர் இறந்தார்கள், வளையம் போட்டவர்களில் 28 சதவீதம். அந்த வித்தியாசம் ஊசியை ஓரம்கட்டியது. முதலில் வந்த கருவியில் ஒரு தடவைக்கு ஒரு வளையம்தான் போட முடியும். இப்போது ஒருமுறை உள்ளே விட்டால் ஆறு, ஏழு வளையம் வரை வரிசையாகப் போடலாம்.

வளையத்துக்கு அடங்காத இடங்களும் உண்டு. இரைப்பைக்குள் இருக்கிற பெரிய வேரிசஸுக்கு ஒருவகைப் பசையை ஊசி வழியாகச் செலுத்தி அடைக்கிறார்கள். சயனோஅக்ரிலேட். நாம் உடைந்த பிளாஸ்டிக்கை ஒட்ட வாங்குகிற பசையின் ஒன்றுவிட்ட தம்பி! ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நிப் சோஹேந்திரா இதை 1986-இல் எழுதினார். எதற்கும் நிற்காவிட்டால் டிப்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கழுத்துச் சிரை வழியாகக் கம்பியை விட்டு, கல்லீரலுக்குள்ளேயே ஒரு பைபாஸ் போட்டு ஸ்டென்ட் வைப்பது. 1988-இல் ஜெர்மனியில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். லாரிக்குத் தனிப் பாதை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு நடந்த ஒரு சண்டையையும் சொல்ல வேண்டும். "இவ்வளவு ரத்தம் போயிருக்கு, ரெண்டு யூனிட்தான் ஏத்துறீங்க, இன்னும் ஏத்துங்க சார், நான் நாலு பசங்களைக் கூட்டிட்டு வர்றேன்" என்று நான் டூட்டி டாக்டரிடம் குரல் உயர்த்திவிட்டேன். அவர் பொறுமையாக, "நிறைய ஏத்தினா அழுத்தம் ஏறித் திரும்ப வெடிக்கும் தம்பி" என்றார். அப்போது நம்பவில்லை. அப்புறம் படித்தேன். 2013-இல் பார்சிலோனாவில் 921 பேரை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். இந்த நோய் மட்டும் என்றில்லை, இரைப்பைப் புண் உட்பட மேல்வயிற்றில் ரத்தம் கசிந்து வந்த எல்லாரும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றியவர்களில் ஆறு வாரத்தில் 95 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள். 9-க்குக் கீழே போனதுமே ஏற்றியவர்களில் 91. அந்த டூட்டி டாக்டர் இதைப் படித்தால்: சாரி சார்.

கணக்கு எங்கே உதைத்தது

மாமாவுக்கு அன்று ராத்திரியே எண்டோஸ்கோப்பி செய்து ஐந்து வளையம் போட்டார்கள். ரத்தம் நின்றது. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டார். எல்லாரும் "கண்டம் கழிஞ்சது" என்றார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்றாம் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்கும் கையெழுத்துக்கும் நடுவே, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. மூன்று வாரம் கழித்து வர வேண்டும், மறுபடி வளையம் போட வேண்டும் என்று. குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கிறவன் நான்தான். படித்தேன். சொன்னேன். மாமா, "இப்பதான் நல்லா இருக்கேனேடா, தீபாவளித் தையல் முடியட்டும்" என்றார். டெய்லர் கடைக்குத் தீபாவளி சீசன் என்றால் வருடத்தில் பாதி வருமானம். இன்னொரு காரணத்தை அத்தையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் உட்கார்ந்தால் பார்க்கிறவன் எல்லாம் குடிகாரன் என்று நினைக்கிறானாம்.

எனக்கும் அந்த வாரம் இன்டர்னல் டெஸ்ட். கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் நான். "சரி மாமா, பாத்துக்கலாம்" என்றேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். சொன்னது நான்தான்.

கார்த்திகையில் மறுபடி வாந்தி எடுத்தார். இந்த முறை முதல் தடவையைவிட அதிகம். ஐசியூ, மயக்கம், வயிற்றில் நீர், கிருமித் தொற்று. ஒன்பது நாள். எங்கள் குடும்பத்துக் கணக்கைச் சொல்கிறேன். தேதிக்குப் போயிருந்தால் ஆகியிருக்க வேண்டிய செலவு, வளையம், மருந்து, பஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். போகாததால் ஆனது 1,68,000. அத்தையின் செயினும் தங்கச்சி கல்யாணத்துக்கு என்று கட்டிய சீட்டும் அதில் போயின.

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவர்களுக்கு 'ஒர்க் இன் ப்ராக்ரஸ்' தெரியும். வருடக் கடைசியில் தொழிற்சாலையில் பாதி முடிந்த நிலையில் நிற்கிற சரக்கு. அதைத் தனியாகத்தான் காட்ட வேண்டும். முடிந்த சரக்கு என்று கணக்கில் எழுதினால் பேலன்ஸ் ஷீட் பொய். முதல் வளையம் போட்டு வீட்டுக்கு வருகிற நோயாளி பாதி முடிந்த சரக்கு. நாங்கள் முடிந்த சரக்கு என்று எழுதிவிட்டோம். எனக்குத் தெரிந்து பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான் எழுதுகின்றன.

ஏனென்றால் வளையம் ரத்தத்தைத்தான் நிறுத்துகிறது. ரோடு மறியல் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போய், வேரிசஸ் எல்லாம் அடைபடும்வரை வளையம் போட வேண்டும். அப்புறம் சில மாதம் கழித்து ஒருமுறை, அதற்கப்புறம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை எண்டோஸ்கோப்பி செய்து திரும்ப முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. எதுவும் செய்யாமல் விட்டால், ஒருமுறை ரத்தம் கொட்டியவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு ஒன்றிரண்டு வருடத்துக்குள் மறுபடி கொட்டும். இவ்வளவு வைத்தியம் வந்த பிறகும், ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் ஆறு வாரத்துக்குள் ஆறேழு பேரில் ஒருவர் இறக்கிறார். ஒவ்வொரு தடவையும்.

அந்த மாத்திரைக் கதையும் சுவாரஸ்யம். ப்ராப்ரனலால் என்பது இதயத்துக்கும் பி.பி.க்கும் கொடுக்கிற பழைய மாத்திரை. அது போர்ட்டல் அழுத்தத்தையும் குறைக்கிறது என்று பிரான்ஸில் டிடியே லெப்ரெக் குழு 1980-இல் காட்டியது. இப்போது அதன் உறவுக்காரனான கார்வெடிலாலைத்தான் வெடிப்பதற்கு முன்பே தடுக்க அதிகம் பரிந்துரைக்கிறார்கள். ஒரு மாத்திரை சில ரூபாய்தான். (ஆஸ்துமா, குறைந்த பி.பி. இருப்பவர்களுக்கு ஆகாது. டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.) மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெடிப்பதற்கு முன்பே வளையம் போடலாம். 1999-இல் டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் டாக்டர் எஸ்.கே. சரின் குழு செய்த ஆய்வு இந்த விஷயத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பெரிய வேரிசஸ் இருந்தவர்களில், அந்தக் காலத்து ப்ராப்ரனலால் சாப்பிட்டவர்களைவிட முன்கூட்டியே வளையம் போட்டவர்களுக்கு ரத்தம் கொட்டியது குறைவு.

ஆக மருந்து இருக்கிறது, கருவி இருக்கிறது, செய்கிற கை நம் நாட்டிலேயே இருக்கிறது. இல்லாதது, இரண்டாவது தேதிக்கு நோயாளி வந்தாரா என்று பார்க்கிற ஓர் ஆள்.

"குடிச்சுக் கெடுத்துக்கிட்டவனுக்கு எதுக்கு?"

இதை ஹாஸ்டலில் ஒருவன் என்னிடம் நேராகவே கேட்டான். "உங்க மாமா சரி, பாவம். மத்தவனெல்லாம் குடிச்சே கெட்டவன். அவனுக்கு எதுக்குடா வரிப்பணம்?"

இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.

முதலாவது கணக்குப் பதில். மேட்சிங் கான்செப்ட் என்று முதல் வருடத்தில் படித்தோம். ஒரு வருமானத்தைக் காட்டினால் அதற்காக ஆன செலவையும் அதே கணக்கில் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். 2023-24 நிதியாண்டில் அதிலிருந்து அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். வருமானம் அரசுக் கணக்கில் ஏறுகிறது. அந்தப் பாட்டில் கொண்டுவருகிற கல்லீரல் செலவில் எவ்வளவோ அத்தையின் செயின் கணக்கில் ஏறுகிறது. வரியில் வந்த பணத்தைக் கேட்கிற உரிமை குடித்தவனுக்கு இல்லை என்றால், அந்த வரியைக் கட்டியதே அவன்தானே?

தனியார் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். விலக்குகள் பட்டியலில் 12-ஆம் எண்: குடி மற்றும் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் கிடையாது. "விளைவுகள்" என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் கல்லீரலே அடங்கிவிடும். ஒருபக்கம் விற்கிறோம், இன்னொருபக்கம் விலக்குகிறோம்.

இரண்டாவது பதில் கணக்கில் வராதது. மாமா முதல் தடவை அட்மிட் ஆனபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு லோடுமேன். அவர் குடித்தவர்தான். அவர் மனைவி தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். நான் மூன்றாவதோ நான்காவதோ தடவையாக யாரிடமோ, "எங்க மாமா ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை" என்று சொன்னபோது அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ராத்திரி ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடிக்கப் போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "உங்க மாமாவுக்குப் போட்ட அதே ரப்பர்தான் தம்பி இவருக்கும் போட்டாங்க."

வேறு எதுவும் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. எனக்குச் சுரீர் என்றது. மாமாவை நல்லவர் ஆக்க நான் கொடுத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு சான்றிதழும் பக்கத்துக் கட்டிலின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெட்கம்தான் அப்புறம் மாமாவையே அந்த வரிசையில் உட்காரவிடாமல் செய்தது. நான் வீசியது எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

குடியை நிறுத்துவதும் இந்த நோய்க்கு வைத்தியம்தான், பெரிய வைத்தியம். ஆனால் அதைச் சொல்லக்கூட அவர் இரண்டாவது தேதிக்கு வந்தால்தானே முடியும்? வெட்கப்பட்டு வீட்டில் இருக்கிறவரிடம் எந்த டாக்டர் சொல்வார்?

என்ன செய்யலாம்

ஒன்று. ஆஸ்பத்திரிகள் அந்தத் தேதியைத் தமிழில், முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுத வேண்டும். வராவிட்டால் ஒரு போன். காசநோய்க்கு மாத்திரை விடுபட்டால் வீடு தேடி வருகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அந்த மாதிரி.

இரண்டு. இன்ஷூரன்ஸ் ஆகட்டும், அரசுத் திட்டம் ஆகட்டும், முதல் வளையத்திலிருந்து வேரிசஸ் முழுக்க அடைபடும்வரை ஒரே சிகிச்சையாகக் கணக்கிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். ரத்தம் கொட்டினால் கொடுப்பேன், கொட்டாமல் இருக்க வந்தால் உன் கைக்காசு என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே நஷ்டம். எங்கள் வீட்டுக் கணக்கில் அந்த வித்தியாசம் 1,54,000 ரூபாய்.

மூன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கிறார்கள். சர்க்கரை இருப்பவர்களுக்குக் கல்லீரலையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயது, ரத்தத்தில் இரண்டு கல்லீரல் என்சைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கை வைத்து ஃபிப்-4 என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. கால்குலேட்டர் போதும், நாங்கள் பி.காம். பிள்ளைகளே போட்டுத் தருவோம். சந்தேகம் வருபவர்களை மட்டும் ஸ்கேனுக்கு அனுப்பலாம். சிரோசிஸ் இருக்கிற எல்லாருக்கும் எண்டோஸ்கோப்பிகூடத் தேவையில்லை. ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலின் இறுக்கம் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழேயும் பிளேட்லெட் 1,50,000-க்கு மேலேயும் இருந்தால் தவிர்க்கலாம் என்று, இத்தாலியின் பவேனோ ஊர்ப் பெயரில் நடக்கும் நிபுணர் கூட்டம் 2015-இலேயே சொல்லிவிட்டது.

நான்கு. இது நமக்கு. வீட்டில் யாருக்காவது மலம் தார் மாதிரி போனால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்த வாந்தி எடுத்தவரைப் பார்க்கப் போனால், "குடிப்பாரா?" என்று கேட்காதீர்கள். "அடுத்த தேதி என்னிக்கு?" என்று கேளுங்கள். முடிந்தால், "நான் கூட வரட்டுமா?" என்றும் கேளுங்கள்.

மாமா இப்போது நன்றாக இருக்கிறார். கார்த்திகைக்கு அப்புறம் நான்கு முறை போய் வந்தாயிற்று. நான்காவது முறை டாக்டர் திரையைக் காட்டி, "வளையம் போட இடமே இல்லை" என்றார். மாமாவுக்கு அது நல்ல செய்தி என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்த லோடுமேனை மட்டும் நாங்கள் போன எந்த நாளிலும் வரிசையில் பார்க்கவில்லை. வேறு நாட்களில் வந்து போகிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த எண்டோஸ்கோப்பி தை மாதம். என் செமஸ்டர் காலெண்டரில் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு என்ன டெஸ்ட் வந்தாலும் சரி, நான் ஆப்சென்ட்.